வாசலுக்கு ஒரு சட்டம் வேண்டும்: நம் சர்வரின் கதைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கதைக்குழுவில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

இதை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை இரவானால் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும், கொஞ்சம் பேர் மொரீஷியஸிலும் சென்னையிலும் உட்கார்ந்து நம் ஆன்லைன் கேமில் லாகின் ஆகிறோமே, அந்த எல்லாரையும் தொடுகிற விஷயம் இது. அதனால் எல்லாரும் படிக்கட்டும். நிலவுலகத்துக்கும் கடலுலகத்துக்கும் நடுவே நீங்கள் கட்டிய வாசல் எப்போது திறக்கும், யாரை விடும், எதை விடாது என்று இன்றைக்கு யாருக்குமே தெரியவில்லை. உங்களுக்கே தெரியுமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சில வரிகள். நாம் விளையாடுவது 2002-இல் வெளிவந்த நெவர்வின்டர் நைட்ஸ். இத்தனை வருடம் கழித்தும் அது உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதோடு வந்த டூல்செட். ஊர், காடு, கோட்டை, வசனம் எல்லாவற்றையும் நாமே கட்டி, நம் சொந்த சர்வரில் இரவு பகலாக ஓட விடலாம். நம்மிடம் இரண்டு சர்வர் இருக்கிறது. ஒன்று நிலவுலகம், இன்னொன்று கடலுலகம். வாசல் என்று நாம் சொல்வது ஸ்கிரிப்டில் ஒரே ஒரு கட்டளைதான். அது கேரக்டரை ஒரு சர்வரிலிருந்து எடுத்து மற்றதில் இறக்கிவிடும். கேரக்டர் கோப்புகள் சர்வர் பக்கத்துப் பெட்டகத்தில் இருக்கின்றன, அந்தப் பெட்டகம் இரண்டுக்கும் பொது. ஆகவே பையில் இருப்பதெல்லாம் பையோடு போய்விடும். கம்ப்யூட்டரைக் கேட்டால் அந்த வாசலில் தடை என்று ஒன்றுமே இல்லை. தடை முழுக்கக் கதையில்தான் இருந்தது. அந்தத் தடையைத்தான் நீங்கள் அவிழ்த்துவிட்டீர்கள்.

ஆரம்பத்தில் அதை எவ்வளவு அழகாக எழுதியிருந்தீர்கள்! 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து போர்ட் நேட்டாலுக்கு வந்து சேர்ந்ததும், அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் கப்பல் கப்பலாக நம் ஆட்கள் வந்து இறங்கியதும் நம் எல்லார் வீட்டிலும் தெரிந்த கதை. அந்தக் கப்பல்களின் பயணிகள் பட்டியலைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஆளுக்கு ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் இருக்கும் அடையாளம் என்று ஒவ்வொருவரையும் குறித்துவைத்திருக்கிறார்கள். நீங்கள் வாசலை அதிலிருந்துதான் எடுத்தீர்கள். வாசல்காரன் பெயர் கேட்பான், ஊர் கேட்பான், தழும்பைப் பார்த்து எழுதிக்கொள்வான். இரண்டு கையில் கொள்வதை மட்டும் விடுவான். கடந்து போனவர் ஐந்து பருவம் முடியாமல் திரும்பக் கூடாது. அன்றைய ஒப்பந்தம் ஐந்து வருடம் என்பதால் அந்தக் கணக்கு. எங்கள் ஆயா கேம் என்றாலே முகம் சுளிப்பவர். அவர்கூட அந்த வாசல்காரன் வசனத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார்.

சரி, இப்போது முற்றுகைக்கு வருகிறேன்.

இந்தக் குளிர்காலம் தொடங்கும்போது வாசல் உடைந்துவிட்டது என்று கதையில் அறிவித்தீர்கள். கடலுலகத் துறைமுகத்தை எதிரிக் கப்பல்கள் சுற்றி வளைத்தன. நிலவுலகத்திலிருந்து உதவி வராது, அரிசி வராது, மருந்து வராது. இதை நாங்கள் எப்படிப் பிடித்துக்கொண்டோம் என்று உங்களுக்கே தெரியும். அரிசி வியாபாரி விலையை ஏற்றினார், ஊரே அவரைத் திட்டியது, அவர் கதவை அடைத்துக்கொண்டார். வைத்தியர் இருக்கிற மூலிகையில் யாருக்கு முதலில் கொடுப்பது என்று பஞ்சாயத்து வைத்தார். படகோட்டியான என் கேரக்டர் இரவில் ஆளைக் கடத்துகிற தொழிலுக்கு மாறினான். ரேஷன் பட்டியல் ஒன்றை விளையாடுகிறவர் யாரோ ஒருவர் தாமாகவே எழுதி, சத்திரத்துச் சுவரில் ஒட்டினார். டிஎம் (கதையை நடத்துகிற உங்களில் ஒருவர்) யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாசல் மூடியிருக்கிறது என்ற அந்த ஒரு செய்தியிலிருந்து இத்தனையும் முளைத்தது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை நிலவுலகத்துத் தளபதி துறைமுகத்தில் வந்து நின்றார். குதிரையோடு! ஒரு சண்டையை நடத்திக் கொடுத்துவிட்டு அன்றைக்கு இரவே திரும்பியும் போனார். எப்படி வந்தார் என்று கதைக்குள் வைத்தே கேட்டோம், பதில் இல்லை. வெளியே கேட்டோம். ஈவென்டுக்காக டெலிபோர்ட் செய்து நேராக அங்கே இறக்கினோம், கண்டுகொள்ளாதீர்கள் என்றீர்கள். கண்டுகொள்ளாமல் எப்படி இருப்பது? மருந்தில்லாமல் தங்கை செத்ததாக எழுதிய ஒருவர் அதே படித்துறையில் நின்றுகொண்டிருந்தார்.

இதைவிடப் பெரிய கூத்து வங்கிப் பெட்டி. இரண்டு உலகத்துக்கும் ஒரே சேமிப்புப் பெட்டி என்று எப்போதோ வசதிக்காகச் செய்துவைத்தீர்கள். முற்றுகை நடக்கும்போதும் அது திறந்தே இருந்தது. நிலவுலகத்தில் ஒருவர் ரொட்டியைப் போட, பட்டினி கிடக்கும் துறைமுகத்தில் இன்னொருவர் அதை எடுத்துச் சாப்பிட்டார். அரிசி வியாபாரி அன்றோடு விளையாடுவதையே விட்டுவிட்டார். அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன்.

உங்களில் ஒருவர் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது: கேம்தானே, சுவாரசியமாக இருந்தால் போதாதா, விதியைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும் என்று. மதித்துத்தான் மறுக்கிறேன். தனியாக ஒருவர் கதை எழுதினால் விதி இல்லாமல்கூடச் சமாளிக்கலாம். முன்னாலும் பின்னாலும் போய் அவரே திருத்திக்கொள்வார். நம் உலகத்தில் ஒரே இரவில் முப்பது நாற்பது பேர் ஆளுக்கொரு மூலையில் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் டிஎம்மைக் கேட்டு எழுதுவதும் நடக்காது. ஒருவரை ஒருவர் கேட்காமலே எல்லாரும் ஒரே கதையை எழுத முடிகிறது என்றால், அதற்கு அந்த விதிதான் காரணம். வாசல் மூடியிருக்கிறது என்றால் அரிசி விலை ஏறும் என்று வியாபாரிக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வாசல் சில சமயம் மூடியிருக்கும், சில சமயம் இருக்காது, அது டிஎம்மின் மனசைப் பொறுத்தது என்றால் வியாபாரி எதை நம்பி விலை வைப்பார்?

பெரிய கேம்களும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கின்றன, சில நன்றாகச் சமாளித்தும் இருக்கின்றன. 1997-இல் அல்டிமா ஆன்லைன் வந்தபோது பிரிட்டானியா என்ற ஒரே கதையுலகம் பல சர்வரில் ஓடியது. அதை மறைக்காமல் கதையாக்கினார்கள். மந்திரவாதி மொன்டெய்னின் ரத்தினக் கல் உடைந்தபோது அதன் ஒவ்வொரு சில்லிலும் உலகத்தின் ஒரு நகல் சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு சர்வரும் ஒரு சில்லு. அங்கே சர்வரை ஷார்ட் (shard, அதாவது சில்லு) என்று சொல்லும் வழக்கமே அந்தக் கதையோடு வந்ததுதான். தொழில்நுட்பத்தின் குறையையே புராணமாக்கிவிட்டார்கள், கெட்டிக்காரர்கள்.

எவர்க்வெஸ்ட் எதிர்த்திசையில் போனது. 1999-இல் கண்டம் விட்டுக் கண்டம் போகக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ட்ரூயிட் ஒருவரையோ விசார்ட் ஒருவரையோ கெஞ்சி, கூலி கொடுத்து, மந்திரத்தில் போக வேண்டும். 2002-இல் பிளேன்ஸ் ஆஃப் பவர் விரிவாக்கம் வந்தபோது பிளேன் ஆஃப் நாலெட்ஜ் என்று ஒரு நடுநகரத்தை வைத்தார்கள். ஊருக்கு ஊர் ஒரு புத்தகம். தொட்டால் அங்கே, அங்கிருந்து அப்படியே வேறொரு ஊர். வசதி என்னவோ வசதிதான். ஆனால் கப்பல்துறை வெறிச்சோடியது, மந்திரத்தில் ஆளை அனுப்புகிற தொழில் நலிந்தது. நம் வங்கிப் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேம். 2009 மார்ச்சில் அபோக்ரிஃபா விரிவாக்கத்தோடு வார்ம்ஹோல்கள், அதாவது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடக்கும் துளைகள், வந்தன. ஒவ்வொரு துளைக்கும் ஒரு தடவையில் எவ்வளவு எடையுள்ள கப்பல் போகலாம் என்று ஒரு வரம்பு. மொத்தமாக எவ்வளவு எடை கடக்கலாம் என்று இன்னொன்று. அதற்கு மேல் ஆயுள் வேறு. வரம்பு தீர்ந்தால் துளை இடிந்துவிடும். யாருக்காகவும் காத்திருக்காது. இதை வைத்துக்கொண்டு விளையாடுகிறவர்கள் என்னென்ன செய்தார்கள் தெரியுமா? கனமான கப்பல்களை வேண்டுமென்றே உள்ளேயும் வெளியேயும் ஓட்டித் தங்கள் வாசலைத் தாங்களே இடித்து மூடுகிறார்கள், எதிரி வராமல் இருக்க. கணக்குத் தப்பினால் கடைசியாகப் போன கப்பல் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்ளும். அதை மீட்கப் போவது இன்னொரு கதை. கதைக்குழு ஒரு வரிகூட எழுதாமல் தினமும் கதை பிறக்கிறது. அந்த எடைக் கணக்கு யாருக்கும் சலுகை காட்டாததால்தான் இது நடக்கிறது.

ஃபைனல் ஃபேன்டசி 14-ஐயும் சொல்லாமல் விட முடியாது. 2019-இல் வந்த ஷேடோபிரிங்கர்ஸில் நாயகன் வேறோர் உலகத்துக்குப் போகிறான், உடம்போடு. அவன் கூட்டாளிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களின் ஆன்மா மட்டும் இழுக்கப்பட்டுவிட்டது, உடம்பு இங்கேயே கிடக்கிறது. இரண்டு உலகத்துக்கும் காலம் ஒரே வேகத்தில் ஓடாது. அதனால் நாயகன் போய்ச் சேரும்போது ஒருவர் அங்கே ஐந்து வருடம் வாழ்ந்து முடித்திருக்கிறார், இருவர் மூன்று வருடம், இரட்டையர்கள் ஒரு வருடம். இந்தச் சட்டத்தை வசதிக்காக வளைக்கவில்லை. அவர்களைத் திரும்ப உடம்புக்குள் கொண்டுவருவதற்கே கதை அடுத்தடுத்த பகுதிகளில் நீண்டது. அதே வருடம் அந்த கேமில் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போய் நண்பர்களோடு விளையாடும் வசதியையும் கொடுத்தார்கள். அது மெனுவில் இருக்கிறது. கதை அதைத் தொடுவதில்லை, அதுவும் கதையைத் தொடுவதில்லை. இந்தப் பிரிவினைதான் நம்மிடம் இல்லாதது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2014-இல் வேறொரு காலக்கோட்டில் இருக்கும் டிரீனார் என்ற உலகத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போய், பிறகு 2018-இல் திரும்பிப் போனபோது அங்கே பல பத்தாண்டுகள் கழிந்திருந்தன, இங்கே சில வருடம்தான். ஏன் என்று இன்றைக்கும் ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை.

காலத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் நம் கடிகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். டூல்செட்டில் கேமின் ஒரு மணி நேரத்துக்கு நிஜத்தில் எத்தனை நிமிடம் என்று கேட்கும் ஒரு கட்டம் உண்டு. கைவைக்காமல் விட்டால் அதில் 2 இருக்கும். அப்படியானால் நமக்கு ஒரு நாள் ஓடும்போது நிலவுலகத்தில் 30 நாள் ஓடிவிடும். கடலுலக சர்வரை அமைத்தவர், இரவும் பகலும் இப்படிப் பறக்க வேண்டாமே என்று அங்கே 8 போட்டார். அதனால் கடலுலகத்தில் ஏழரை நாள்தான் ஓடுகிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனால் விளையாடுகிறவர்கள் இதைக் கண்டுபிடித்துக் கதையாக்கிவிட்டார்கள். கடலுலகத்தில் ஒரு வருடம் முத்துக்குளித்துவிட்டுத் திரும்பினால் ஊரில் நான்கு வருடம் போயிருக்கும். தம்பிக்குக் கல்யாணம் முடிந்து பிள்ளையே பிறந்திருக்கும். நமக்கு இது புதுசா என்ன? ககுத்மி ராஜா மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்டுப் பிரம்மலோகம் போய், அங்கே கச்சேரி முடியட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து திரும்பினால் பூமியில் யுகங்கள் கழிந்துவிட்டன. மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைகள் ஒருவரும் உயிரோடு இல்லை. கணக்கு ஒத்துவருகிறது, மேலான உலகத்தில் காலம் மெதுவாக ஓடும். இப்படித் தானாக வந்த சொத்தை, இரண்டு உலகத்திலும் ஒரே தேதி போட்டு அரச ஓலை வெளியிட்டு நீங்கள் அழித்துவிட்டீர்கள். தேதி போட்டவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

விதிவிலக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. உலகம் விட்டு உலகம் போகிற கதைகளில் நம்மவர்களுக்குப் பழக்கம் அதிகம், அவற்றில் விதிவிலக்கும் உண்டு. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கும், இல்லாவிட்டால் ஒரு விசாரணையாவது இருக்கும். திருமூலர் செத்துக் கிடந்த மூலன் உடம்புக்குள் புகுந்து மாடுகளை ஊருக்கு ஓட்டிப் போனார். திரும்பி வந்து பார்த்தால் வைத்த இடத்தில் தன் உடம்பு இல்லை. இடையன் உடம்போடுதான் மிச்ச வாழ்நாள். திரிசங்கு இந்த உடம்போடேதான் சொர்க்கம் போவேன் என்றான். விசுவாமித்திரர் அனுப்பியும் உள்ளே விடவில்லை, நடுவானத்தில் தலைகீழாகத் தொங்கினான். அவனுக்காகச் சட்டத்தை யாரும் தளர்த்தவில்லை, அவனுக்கென்று தனியாக ஒரு சொர்க்கத்தையே படைக்க வேண்டிவந்தது!

இவற்றில் உங்களுக்கு நேராகப் பயன்படுவது சேரமான் பெருமாள் கதை. சுந்தரருக்கு வெள்ளை யானை வந்தது, அவர் கைலாயத்துக்குக் கிளம்பினார். சேரமானுக்கு அழைப்பு இல்லை. குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதி, அது வானத்தில் பாய, சுந்தரருக்கு முன்னாலேயே பறந்தார். கைலாய வாசலில் என்ன ஆனது? நிறுத்திவிட்டார்கள். சுந்தரர் உள்ளே போய் அவருக்காக விண்ணப்பம் வைத்தார். அப்புறம் உள்ளே விட்டார்கள். அப்போதும், கூப்பிடாமல் ஏன் வந்தாய் என்று இறைவன் கேட்டுவிட்டுத்தான் பதிலைக் கேட்டார். பாருங்கள், விதிவிலக்கு கிடைத்துவிட்டது, விதியும் அப்படியே நிற்கிறது. வாசலில் ஒரு காட்சி வேறு நமக்குக் கிடைக்கிறது. நம் தளபதியும் அன்றைக்கு இப்படி வந்திருக்கலாமே. யாருடைய சிபாரிசில் வந்தார், குதிரையை எங்கே விட்டார், எதை ஈடு வைத்தார் என்று பத்து நிமிடக் காட்சி ஒன்று இருந்திருந்தால் நாங்கள் எதையும் கேட்டிருக்க மாட்டோம். அவருக்கு வாசல் திறந்தது என்றால் எனக்கும் திறக்குமா என்று முற்றுகைக்குள் ஒரு சதியே கிளம்பியிருக்கும்.

உங்கள் சுமை எனக்குத் தெரியாமல் இல்லை. யாரும் சம்பளம் வாங்கி இதைச் செய்யவில்லை. மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு சர்வரைக் காப்பாற்றியவர்கள் நீங்கள். 2024 மே மாதம் கிழக்குக் கரையோரம் கடலடிக் கேபிள்கள் இரண்டு அறுந்து நெட் தவழ்ந்தபோதும் வாரக் கதையை நிறுத்தவில்லை. (ஒரு பக்கப் பேச்சு: டர்பனுக்கு வடக்கே ம்துன்சினியில் கரையேறும் சேஃப் கேபிள் ரீயூனியனையும் மொரீஷியஸையும் தொட்டுக் கொச்சிக்குப் போய், பினாங்கில் முடிகிறது. நம் வாசலுக்கு இதைவிடப் பொருத்தமான வழித்தடத்தை யாரும் கற்பனை செய்ய முடியாது. நெட் தாமதமாகி லேக் அடிக்கிற இரவுகளில் வாசலில் புயல் என்று எழுதினால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்.) சண்டைக்கு ஆள் குறைந்தால் ஒருவரை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டியிருக்கும், அதுவும் புரிகிறது. அதற்காக வாசலைத் தொடாமல் கதைக்கு வெளியே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். ஃபைனல் ஃபேன்டசியின் மெனு மாதிரி, வந்தவர் அந்த இரவுக்கு வேறொரு பெயரில் உள்ளூர்க்காரராக விளையாடட்டும். யாருக்கும் வருத்தம் இராது.

எனக்கு வேண்டியது உலகத்தின் வரலாறெல்லாம் எழுதிய பெரிய லோர் புத்தகம் அல்ல. ஒரு பக்கம் போதும். உடம்பு போகுமா, பொருள் எவ்வளவு போகும், காலம் எந்தக் கணக்கில் ஓடும், செத்தவர் எந்தப் பக்கத்தில் எழுவார் என்று எழுதி எல்லாரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள். செத்தவர் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம், அதில் உங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருப்பது எங்களுக்கும் தெரியும். வங்கிப் பெட்டியை மட்டும் இந்த வாரமே உலகத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். இப்போது பெட்டியில் பொருள் வைத்திருப்பவர்கள் எந்தப் பக்கம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அவகாசம் கொடுங்கள். நான் என் வலைகளைக் கடலுலகத்தில் வைத்துக்கொள்கிறேன். கடிகாரத்தில் கைவைக்காதீர்கள், அரச ஓலையின் தேதியைத் திருத்தினால் போதும். ஓலை எழுதிய குமாஸ்தா குடித்திருந்தான் என்று சொன்னால்கூட நம்பத் தயாராக இருக்கிறோம். அந்தக் குமாஸ்தாவாக விளையாட ஒருவர் ஏற்கெனவே கை தூக்கியிருக்கிறார்.

முற்றுகை வெள்ளிக்கிழமை முடிகிறது என்று கேள்விப்பட்டேன். வாசலைத் திறப்பதற்கு முன்னால் வாசல்காரனைத் திரும்ப நிறுத்துங்கள், பதிவேட்டோடு. தளபதிதான் முதலில் வருவார் என்றால் அவர் தழும்பையும் பார்த்து எழுதட்டும். அங்கிருந்து துறைமுகத்துக்கு என் படகில்தான் வர வேண்டும், ஆளுக்கு ஏழு வெள்ளி. குதிரைக்குத் தனிக் கூலி. டிஎம் கேரக்டர் என்பதற்காகக் குறைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கடலுலகத் துறைமுகத்துப் படகோட்டி,
டர்பனிலிருந்து